கறுப்புத் துணியில் சவுக்காரக் கோடு

நோன்பு இருபது கழிந்துவிட்டால் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்து வீடுகளில் தையல் மெசின் சத்தம் சஹர் வரைக்கும் ஓயாது. பெருநாளைக்குள் கொடுத்து முடிக்க வேண்டிய அபாயாக்கள் கதிரை முதுகில் அரைகுறையாகத் தொங்கும். அப்படி ஓர் இரவில், இரண்டு மணியளவில், எங்கள் வீட்டில் சோக்கு முடிந்துபோனது. கறுப்புக் கிரேப் துணி பாயில் விரித்தபடி கிடக்கிறது. கத்தரியும் கையுமாக நான் முழித்துக்கொண்டிருக்கிறேன். உம்மா கிணற்றடிக்குப் போய், தேய்ந்து மெலிந்த வெள்ளைச் சவுக்காரத் துண்டொன்றை எடுத்துவந்து, அதன் ஓரத்தைக் கத்தியால் சீவித் தந்தார்.

"இதால கீறு புள்ள. ஈரச்சீலையால ஒத்தினாப் போயிடும்."

அந்தக் கோடு கடைச் சோக்குக் கோட்டைவிட மெல்லியதாகவும் தெளிவாகவும் விழுந்தது. பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு அது ஏன் என்று அன்றைக்குச் சட்டெனச் சொல்ல வரவில்லை. பிறகு தேடிப் படித்தேன்.

தேங்காயெண்ணெய், பாமெண்ணெய் போன்றவற்றைக் காரத்தோடு சேர்த்தால் கிடைக்கும் கொழுப்பமிலங்களின் சோடிய உப்புத்தான் சவுக்காரம். அதன் மூலக்கூறுக்குச் சிறிய தலையும் நீண்ட வாலும் உண்டு. காய்ந்த கட்டிக்குள் இந்த மூலக்கூறுகள் தலையோடு தலை, வாலோடு வாலாக அடுக்கடுக்காகப் படுத்திருக்கின்றன. வாலும் வாலும் சந்திக்கும் தளத்தில் பிடிப்புக் குறைவு. துணியில் வைத்து இழுக்கும்போது அந்தத் தளத்தில் அடுக்குகள் வழுக்கிக் கழன்று, இழைகளின் மேட்டில் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. பென்சில் கரி தாளில் எழுதுவதும் ஏறக்குறைய இப்படித்தான். கடைச் சோக்கு வெறும் கனியத் தூளை அழுத்திச் செய்தது. வழுக்கலான கிரேப்பில் ஒருமுறை உதறினால் பாதிக் கோடு பறந்துவிடும்.

கழுவினால் போய்விடும் என்று உம்மா சொன்னதற்கும் காரணம் உண்டு. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். 12 காபன் கொண்ட குட்டை வால் அதற்கு. வால் குட்டையானால் நீரில் இலகுவாகக் கரையும். கடல்நீரில்கூட நுரைப்பது தேங்காயெண்ணெய்ச் சவுக்காரம் ஒன்றுதான் என்று கப்பல்காரர்கள் அதைத் தனியாக வாங்கி வைத்திருந்த காலம் இருந்தது. ஆனால் இதே சவுக்காரம் கல்சியம் கலந்த தண்ணீரில் கரையாத வெள்ளைக் கசடாக மாறும். கடலோரத்து மணற்கிணறு சிலவற்றின் தண்ணீர் அப்படிப்பட்டது. கறுப்புத் துணியில் அந்தக் கசடு படிந்தால் கோடு போவதற்குப் பதிலாக நிரந்தரமாகிவிடும். மழைத்தண்ணீர் தொட்டு ஒற்றுங்கள். குளிக்கிற வாசனைச் சவுக்காரமும் வேண்டாம். அதில் சேர்க்கும் எண்ணெயும் நிறமும் துணியில் கறையாக நிற்கும்.

கைக்குக் கிடைத்ததை வைத்துத் தைத்துவிடுவது எங்கள் பெண்களுக்குப் பழக்கமானது. அந்தப் பொருள் ஏன் வேலை செய்கிறது என்று கேட்கும் பழக்கம்தான் எங்களிடம் குறைவு. ஏன் என்று தெரிந்தவருக்கே அது எந்தத் துணியில், எந்த மாதத்தில், எந்தத் தண்ணீரில் கைவிடும் என்பதும் தெரியும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஊசியை எடுத்துக்கொள்வோம். கடற்கரையிலிருந்து நாலு வளவு தள்ளியிருக்கிற வீட்டில் ஊசி ஒரு மாதத்தில் துருப்பிடிக்கும். அலை உடையும்போது தெறிக்கிற உப்புத் துகள்கள் காற்றில் வந்து எல்லாவற்றிலும் படிகின்றன. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகும். கடலுப்போடு வரும் மகனீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். எங்கள் பக்கத்தில் அந்த அளவுக்குக் கீழே ஈரப்பதன் இறங்குவது அரிது. ஆகவே ஊசியின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்க வேண்டிய ஈரமும் உப்பும் ஒட்சிசனும் அங்கேயே தயார்.

என் உம்மம்மா காய்ந்த சவுக்காரக் கட்டியில் ஊசியைக் குத்தி வைப்பார். சவுக்காரம் காரத்தன்மை உள்ளது. காரச் சூழலில் இரும்பின் மேற்பரப்பில் மெல்லிய ஒட்சைட்டுக் கவசம் நிலைக்கும். கொங்கிரீட்டுக்குள் கம்பி பல வருடம் துருவாமல் கிடப்பதும் காரத்தால்தான். கூடவே ஊசியில் ஒட்டும் சவுக்காரம் தடித்த துணியில் குத்தி இழுக்கும்போது உராய்வைக் குறைக்கிறது. கட்டி காய்ந்ததாக இருக்கவேண்டும் என்பது முக்கியம். கிணற்றடியில் நனைந்த கட்டியில் குத்தினால் இரண்டு நாளில் ஊசி சிவந்துவிடும். தலைவாரும்போது உதிர்கிற முடியைச் சேர்த்துத் திணித்த குட்டித் தலையணையிலும் சிலர் ஊசி குத்துவார்கள். முடியில் ஊறிய எண்ணெய் ஊசியைச் சுற்றிப் படலம் போர்த்தி ஈரத்தைத் தள்ளிவைக்கிறது.

மணலைப் பற்றியும் சொல்லவேண்டும். கடற்கரை மணலில் பெரும்பகுதி குவாட்சு. கடினத்தன்மையை அளக்கும் மோவின் அளவுகோலில் அது 7. கத்தரியின் உருக்கு 5.5 தொடக்கம் 6.5 வரை. சேலைக் கரையில், குழந்தையின் உடுப்பு மடிப்பில் ஒளிந்திருக்கிற ஒரே ஒரு மணல் துகள் கத்தரி வாயில் அகப்பட்டால் அலகில் பள்ளம் விழும். வெட்டுமுன் துணியை உதறச் சொல்வது இதற்குத்தான். அதே மணலைக் கழுவி உப்பு நீக்கி, வெயிலில் காயவைத்து, நெருக்கமான துணிப்பையில் நிரப்பினால் மங்கிய ஊசியைத் தீட்டலாம். பத்துமுறை குத்தி எடுத்தால் துரு உதிர்ந்து முனை மினுங்கும். கத்தரியைப் போத்தல் கழுத்தில் தேய்க்கும் வழக்கத்தையும் நான் தள்ளிவிடமாட்டேன். கண்ணாடியின் கடினத்தன்மை உருக்குக்குக் கிட்ட இருப்பதால் அது உலோகத்தை அரைப்பது குறைவு. அலகு விளிம்பில் மடிந்து நிற்கும் பிசிரை மட்டும் நிமிர்த்திவிடும். உண்மையில் மழுங்கிய கத்தரிக்குச் சாணைக்காரர்தான் வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல்கோளில் இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் எங்கள் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். வீடு இருந்த இடத்தில் மணல் மேடு மட்டும் இருந்த நாள்களில், அந்த மணலுக்குள்ளிருந்து தையல் மெசின் தலைகளைத் தோண்டி எடுத்தவர்கள் பலர். விதவையான ஒருத்திக்கு மிஞ்சிய ஒரே முதல் அதுவாக இருந்தது. அந்த மெசின்களில் சில மறுபடி ஓடின, சில ஓடவில்லை. என் உறவுக்குள் பார்த்ததைச் சொல்கிறேன். எடுத்த உடனே மண்ணெண்ணெய் ஊற்றியவர்களின் மெசின் சில மாதத்தில் இறுகிப்போனது. முதலில் நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, அதன்பிறகு மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் வைத்துத் துடைத்து, கடைசியில் மெசின் எண்ணெய் விட்டவர்களின் மெசின் பிழைத்தது. ஏனென்றால் உப்பு மண்ணெண்ணெயில் கரையாது. மண்ணெண்ணெய் கிரீசையும் அழுக்கையும் மட்டுமே கரைக்கும். குளோரைட்டு அயன் பல்சக்கரத்தின் இடுக்கில் கிடந்தபடியே இரும்பை உள்ளுக்குள் தின்றுகொண்டிருக்கும். இரும்புக்குத் தண்ணீர் ஆகாது என்ற பொதுப்புத்தி அங்கே எதிராக வேலை செய்தது. வெள்ளம் அடிக்கடி வருகிற ஊரில் இந்த ஒழுங்கை எல்லாரும் தெரிந்திருக்கவேண்டும்.

எண்ணெய் என்றதும் இன்னொன்று. கைக்கெட்டும் தூரத்தில் தேங்காயெண்ணெய் இருக்க மெசின் எண்ணெய்க்கு ஏன் காசு கொடுக்கவேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு காலம் நினைத்தோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு குறையும் தெரியவில்லை. மாரி தொடங்கியதும் விடியற்புறத்தில் மெசின் பாரமாகச் சுற்றியது. தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கிட்ட உறையத் தொடங்கும். டிசம்பர், ஜனவரி விடியலில் சமையலறைப் போத்தலில் அது வெள்ளையாகக் கட்டிபட்டு நிற்பதைப் பார்க்கிறோமே, அதுவேதான் மெசினின் தாங்கிகளுக்குள்ளும் நடந்திருக்கிறது. நாட்பட்டால் அதில் பிரியும் கொழுப்பமிலங்கள் உலோகத்தையும் அரிக்கும். மெசின் எண்ணெய் கனிய எண்ணெய். இந்த இரண்டு தொல்லையும் அதற்கில்லை. இந்த ஒரு விசயத்தில் வீட்டுச் சாமானை நம்பவேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தது. அடுத்த சில நாளில் நோன்பு பிறந்தது. மோட்டர் பூட்டிய மெசின்காரர்கள் மூலையில் கிடந்த கால்மெசினைத் துடைத்தார்கள். பரணிலிருந்து கரி ஸ்திரிக்கைப்பெட்டி இறங்கியது. சிரட்டைக்கரி அதற்கென்றே பிறந்தது போன்றது: அடர்த்தி கூட, புகை குறைவு, நெடுநேரம் ஒரே சீராகக் கனன்றுகொண்டிருக்கும். (கதவும் யன்னலும் திறந்திருக்கட்டும். கனலும் கரியிலிருந்து மணமில்லாத காபனோரொட்சைட்டு வரும். பூட்டிய அறையில் அது ஆளைக் கொல்லும்.)

கரிப்பெட்டியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் கிடையாது. பொலியெஸ்டர் அபாயாத் துணிக்கு 150 பாகைக்குள் நிற்கவேண்டும், பருத்திச் சாறனுக்கு 200 வரை போகலாம். வெறும் கையோடு இதை எப்படி அறிவது? உம்மா விரலைத் தண்ணீரில் தொட்டு அடித்தட்டில் உதறுவார். துளி விழுந்த இடத்திலேயே சுர்ரென்று கொதித்து வற்றினால், பொலியெஸ்டரின் மேல் ஒரு பருத்திச் சீலையைப் போட்டுத் தேய்க்கலாம். துளி உருண்டு திரண்டு முத்துப்போல ஓடி விழுந்தால் பருத்தியைத் தவிர வேறு எதையும் கிட்டக் கொண்டுபோகக் கூடாது.

சூடு கூடினால் துளி இன்னும் வேகமாக வற்றவேண்டும் என்றுதான் மனம் சொல்லும். நடப்பதோ நேர்மாறு. 1756இல் ஜேர்மனிய வைத்தியர் யோகான் லைடன்புறோஸ்ற் இதை விரிவாக எழுதினார். அவர் பெயராலேயே இந்த விளைவு இன்றும் வழங்குகிறது. தட்டு மிகச் சூடாக இருக்கும்போது துளியின் அடிப்பாகம் தொட்ட கணமே ஆவியாகி, துளிக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு ஆவிப் படுக்கை விரிகிறது. ஆவி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். துளி அந்தப் படுக்கையில் மிதந்தபடி வழுக்கி ஓடுகிறது. வழவழப்பான உலோகத்தில் தண்ணீருக்கு இது ஏறத்தாழ 200 பாகையை ஒட்டித் தொடங்கும். தட்டின் சொரசொரப்பைப் பொறுத்து அது கொஞ்சம் ஏறி இறங்கலாம். பருத்திக்கும் பொலியெஸ்டருக்கும் எல்லை கட்டவேண்டிய இடத்துக்குக் கிட்டவே இயற்கை இந்தக் குறியை வைத்திருப்பது எங்கள் நல்லகாலம். படிப்பறிவில்லாத உம்மம்மாமார் வெப்பமானி இல்லாமலே வெப்பநிலை அளந்திருக்கிறார்கள். இதை வகுப்பில் செய்து காட்டியபோது பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்து பார்த்தார்கள்.

அபாயாவின் கை மடிப்பு எவ்வளவு தேய்த்தாலும் கூராக நிற்காமல் உப்பிக்கொண்டு எழும்புவது தைப்பவர்கள் எல்லாருக்கும் உள்ள முறைப்பாடு. மரப்பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டி தட்டும் பலகை, வர்ணம் பூசாததாக இருந்தால் போதும். ஈரச்சீலை போட்டுத் தேய்த்த உடனே பெட்டியை எடுத்துவிட்டு, அந்தச் சூட்டோடு பலகையை மடிப்பின் மேல் வைத்து அரை நிமிடம் அழுத்துங்கள். பொலியெஸ்டரின் நீண்ட மூலக்கூறுகள் 70, 80 பாகைக்கு மேலே இளகி அசையும். அதற்குக் கீழே விறைத்து நின்றுவிடும். மடிப்பு எந்த நிலையில் ஆறுகிறதோ அந்த நிலையையே துணி பிடித்துக்கொள்ளும். பெட்டியை எடுத்துவிட்டு அப்படியே விட்டால் இளகிய நிலையிலேயே மடிப்பு நிமிர்ந்துவிடுகிறது. பலகை அழுத்திப் பிடித்தபடி ஆறவைக்கிறது, மரம் நீராவியையும் உறிஞ்சுகிறது. மடிப்பைப் பதியவைப்பதில் சூட்டுக்கு உள்ள பங்கு ஆறுதலுக்கும் உண்டு என்பதை நான் கற்றுக்கொள்ள இருபது வருடம் எடுத்தது.

பருத்தி வேறு சாதி. அதன் செலுலோசுச் சங்கிலிகளை ஐதரசன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஈரம் அவற்றை அவிழ்க்கும், சூடு நீரை விரட்டியதும் புதிய நிலையில் அவை மறுபடி முடிச்சிடும். கஞ்சித் தண்ணீர் பருத்தியில் வேலை செய்வதும் இதே உறவால்தான். சோற்றின் மாப்பொருளும் செலுலோசும் குளுக்கோசு அலகுகளால் ஆன ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்றையொன்று இறுகப் பிடிக்கும். மருதமுனை நெசவாளர்கள் பாவு நூலுக்குப் பசை போடுவது, தறியில் அச்சு உரசும்போது இழை பிசிரி அறாமல் இருப்பதற்கு. நெளிந்து நழுவுகிற மெல்லிய பருத்தித் துணியைக் கஞ்சியில் நனைத்துக் காயவைத்துத் தேய்த்தால் தாளைப் போல விறைத்து, வெட்டவும் தைக்கவும் அடங்கி நிற்கும். அதே கஞ்சியைப் பொலியெஸ்டரில் தடவிப் பார்த்தால் பொருக்காக உதிரும். பிடிக்கக் கை கொடுக்கும் ஐதரொட்சில் கூட்டங்கள் அங்கே இல்லை. பொலியெஸ்டரைத் தைக்கும்போது அடியில் பழைய பத்திரிகைத்தாள் நாடாவை வையுங்கள். மெசினின் பற்கள் தாளைக் கவ்வி நகர்த்தும், துணி தாளோடு சேர்ந்து போகும். தைத்து முடித்தபின் தையலின் துளை வழியே தாள் தானாகக் கிழிந்து வரும். மை துணியில் ஒட்டாத பழைய தாளாகப் பார்த்து எடுக்கவேண்டும். தாளை வெட்டத் துணிக் கத்தரியைத் தொடவேண்டாம். தாளில் கலந்திருக்கும் கனியத் தூள் அலகை மழுக்கும்.

சுருக்கு வைக்கும் வேலைக்கு எங்கள் ஊரிலேயே ஒரு அருமையான சாமான் இருக்கிறது: தங்கூசி என்கிற நைலோன் இழை. மீன்பிடிச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். சாதாரணமாக நீளத்தையல் ஓடவிட்டு நூலை இழுத்துச் சுருக்குவோம்; இரண்டு முழம் சுருங்குவதற்குள் நூல் அறுந்துவிடும். ஏன் அறுகிறது என்பதற்கான விடையைக் கல்முனைக் கடற்கரையில் பார்க்கலாம். தோணியை நிறுத்துகிறவர் கயிற்றை மரக்குற்றியில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு கையால் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தோணி முழுப் பலத்தோடு இழுத்தாலும் கயிறு நழுவாது. வளைந்து தொடுகிற கோணம் கூடக்கூட உராய்வு கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறுகிறது. 18ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஒயிலர் இதற்குச் சமன்பாடு எழுதினார். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால் ஒரு சுற்று 6.6 மடங்கு விசையைத் தாங்கும். இரண்டு சுற்று 43 மடங்கு. மூன்று சுற்று 286 மடங்கு.

சுருக்குத் தையலில் நூல் துணிக்கு மேலும் கீழுமாக நூற்றுக்கணக்கான இடத்தில் வளைகிறது. ஒவ்வொரு வளைவும் சிறிது, ஆனால் கோணங்கள் எல்லாம் சேரும். இழுக்கும் கையில் உள்ள விசை தூரத்துத் தையலை எட்டுமுன்னே நூல் தன் தாங்கும் எல்லையைக் கடந்து அறுகிறது. தங்கூசியைத் துணியின் மேல் நேராகக் கிடத்தி, அதைக் குத்தாமல் அதன் இருபுறமும் விழும்படி வளைதையல் ஓடுங்கள். தங்கூசி எங்கேயும் வளையவில்லை. பிறகு துணியை அதன் மேல் திரைச்சீலைபோலத் தள்ளினால் சரசரவென்று சுருங்கும். நேர்த்தையல் போட்டு முடித்ததும் தங்கூசியை உருவி அடுத்த உடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஓவர்லொக் நூல் கூம்பு மலிவு என்று வாங்கி வீட்டு மெசினில் மாட்ட முடியாமல் தவிப்பவர்கள், வெற்றுப் பால்மாப் பேணியில் கூம்பை நிறுத்தி மெசினுக்குப் பின்னால் வைக்கட்டும். கூம்பு சுழலக்கூடாது, நூல் அதன் தலைக்கு மேலாகவே கழன்று வரவேண்டும். சுவரில் ஒரு ஊக்கை ஒட்டி அதன் வளையத்தால் நூலை எடுத்தால் போதும். மெல்லிய பட்டியைப் புரட்ட ஈர்க்கில், கழுத்து வட்டம் கீற பீங்கான், சிந்திய குண்டூசியைப் பொறுக்கப் பழுதான வானொலியின் ஒலிபெருக்கிக் காந்தம். இவையெல்லாம் வீட்டுக்கு வீடு தெரிந்தவை, விளக்கம் வேண்டாம்.

ஊசியில் நூல் கோர்க்கும்போது நுனியை நனைப்பதைப் பற்றி ஒரு சொல். நனைந்த இழைகளை நீரின் மேற்பரப்பு இழுவை ஒன்றாகக் கட்டிவிடும். பருத்தி நனைந்தால் பலமும் கூடும். ரேயன் நனைந்தால் ஏறக்குறையப் பாதிப் பலத்தை இழக்கும். ஆகவே ரேயன் நூலை நனைத்து இழுக்காதீர்கள், நுனியைச் சாய்வாக வெட்டிக் கோருங்கள்.

கடைசியாகத் துண்டுத் துணிகள். பழஞ்சாறனையும் வெட்டில் மிஞ்சியதையும் இணைத்து, நடுவே பழைய சேலையை மடித்து வைத்துப் பிள்ளைக்கு விரிப்புத் தைக்காத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. அடுக்குகளுக்கு இடையே அகப்பட்ட காற்றே குளிரைத் தடுக்கிறது. ஓடுதையல் நெருங்கினால் விரிப்பு உறுதிபெறும், கதகதப்புக் குறையும். அடுக்குகள் நகராமல் பிடிக்க உடுப்புக் காயப்போடும் கிளிப் போதும், துணியில் துளையும் விழாது. ஒரு பிழையை மட்டும் செய்யவேண்டாம். தறியிலிருந்து இறங்கிய மருதமுனைப் புதுத்துணியையும் நூறுமுறை வெளுத்த பழஞ்சாறனையும் அப்படியே சேர்த்துத் தைக்காதீர்கள். புதுத்துணியின் இழையில் தறி இழுத்துவைத்த விறைப்பு இன்னும் இருக்கிறது. முதல் கழுவலில் அது தளர்ந்து துணி சுருங்கும், பழையது சுருங்காது, விரிப்பு முழுக்க நெளியும். புதுத்துணியை இரண்டுமுறை நனைத்துக் காயவைத்த பிறகே கத்தரியை எடுங்கள்.

பெருநாள் வேலை முடிந்து மெசினுக்கு ஓய்வு கிடைக்கும் நாள்களில் உங்கள் உம்மாவிடமோ மாமியிடமோ பக்கத்துவீட்டு ராத்தாவிடமோ உட்கார்ந்து கேளுங்கள். எந்தச் சாமான், எந்தத் துணி, எந்த மாதம், எந்தத் தண்ணீர் என்பதைப் பிள்ளையின் பழைய கொப்பியொன்றில் எழுதி வையுங்கள். பிழையாகிப்போன கதைகளையும் விடாமல் எழுதுங்கள்.